மூசி நதியை அளந்தவர்

நதி கரைபுரண்டு ஊரை அழித்துவிட்டால் நமது ஜனங்களின் தயாள குணம் உடனே பொங்கி எழுகிறது. நிதி திரட்டுகிறோம்; அரிசியும் துணியும் அனுப்புகிறோம்; மந்திரிகள் வந்து பார்வையிடுகிறார்கள்; கஜானா திறக்கிறது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் ஜலம் வடிந்ததும் நமது ஞாபகமும் கூடவே வடிந்துவிடுகிறது. அடுத்த வெள்ளம் வரும்வரை அந்த நதியைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. வெள்ளம் வடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பதைத் தமது செய்கையினால் காட்டிய ஒரு பெரியவரின் சரித்திரத்தை இன்று நமது வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

அவர்தான் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா. கிருஷ்ணராஜ சாகர அணையைக் கொண்டு அவரை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. மைசூர் திவானாக இருந்தவர், 1955-ம் வருஷம் பாரத ரத்தினம் என்ற பட்டம் பெற்றவர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் ஐதராபாத் நகரத்தின் மூசி நதியைக் கொண்டு அவரை அறிந்தவர்கள் சிலரே. அந்த ஒரு வேலையை மாத்திரம் அவர் செய்து மறைந்திருந்தாலும் தேசம் அவருக்குக் கடன்பட்டதாகவே இருக்கும்.

மைசூர் சமஸ்தானத்தில் முத்தேனஹள்ளி என்ற சிறு கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை சம்ஸ்கிருத பண்டிதர். செல்வம் இல்லாத குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கிடைத்ததைக் கொண்டு தாம் படித்தார். பி.ஏ. தேறிய பின் சமஸ்தானத்தின் உதவிச் சம்பளத்தோடு புனா சென்று இஞ்சினீயரிங் கற்று, 1883-ல் முதல்வராகத் தேறினார். அடுத்த வருஷமே பம்பாய் மாகாணத்து மராமத்து இலாகாவில் உதவி இஞ்சினீயர் உத்தியோகம் கிடைத்தது.

பம்பாயில் அவர் செய்த பல வேலைகளுள் ஒன்றை மட்டும் இங்கே சொல்லுவோம். புனா நகரத்துக்கு ஜலம் கொடுக்கும் கடக்வாஸ்லா ஏரியில் மழைக் காலத்தில் வந்த உபரி நீர் கலிங்கின்மேல் வழிந்து வீணாயிற்று. அதைத் தேக்குவதற்காகக் கலிங்கின்மேல் தற்காலிகமாகக் கரை கட்டுவதும், அது வெள்ளத்தில் போய்விடுவதுமாக இருந்தது. அணையையே உயர்த்துவதென்றால் பெருஞ் செலவு. விசுவேசுவரய்யா வேறு வழி கண்டார். நீர் மட்டம் ஓர் அளவுக்கு மேற்பட்டால் தாமே திறந்துகொண்டு வெள்ளத்தை வெளியே விட்டு, மட்டம் தாழ்ந்ததும் தாமே மூடிக்கொள்ளும் கதவுகளை அமைத்தார். 1903-ல் அவை பொருத்தப்பட்டன. அணையை உயர்த்தாமலே அதிக ஜலம் தேங்கிற்று. வெள்ளமும் கேடு செய்யாமல் வெளியேறிற்று. இந்தக் கதவுகளுக்குரிய உரிமைப் பணத்தை ஏற்க அவர் மறுத்துவிட்டார். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைக்கு இன்னொரு கூலி எதற்கு என்பது அவருடைய கொள்கை.

கையில் இருப்பதை முதலில் சீர்ப்படுத்த வேண்டும், புதிதாகக் கட்டுவது அதற்குப் பிறகுதான் என்ற நியாயம் இந்தச் சம்பவத்தில் அடங்கியிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பெரிய தொகைக்குப் பெரிய திட்டம் போடுவது எந்த இஞ்சினீயருக்கும் எளிது. சிறிய தொகையில் எவ்வளவு காரியம் ஆகும் என்று முதலில் பார்ப்பதற்குத்தான் புத்தியும் நேர்மையும் வேண்டும்.

ஏறக்குறைய 24 வருஷ சேவைக்குப் பின் 1908-ல் அவர் பம்பாய் உத்தியோகத்தை விட்டார். தலைமை இஞ்சினீயர் பதவி அந்நாளில் இந்தியர் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது. வெள்ளைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய நாற்காலியை எதிர்பார்த்து வாசலில் காத்திருக்க அவர் விரும்பவில்லை. அந்நிய தேசங்களின் தொழில்களையும் நகரங்களையும் பார்த்துவரப் புறப்பட்டார். அவர் இத்தாலியில் இருக்கும்போது நிஜாம் சர்க்காரின் தந்தி ஒன்று அவரைத் தேடி வந்தது.

அந்தத் தந்திக்குப் பின்னால் ஒரு பெரும் துயரம் இருந்தது. 1908 செப்டம்பர் மாதக் கடைசியில் மூசி நதியும் அதன் உபநதியான ஈசியும் உற்பத்தியாகும் பிரதேசத்தில் வரலாறு காணாத மழை பெய்தது. ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் மழை பதிவாயிற்று. நகரத்துக்கு மேலே ஏறக்குறைய 860 சதுர மைல் பரப்பில் 788 ஏரிகள் இருந்தன. சதுர மைலுக்கு ஓர் ஏரி என்று சொல்லத்தக்க கணக்கு. முன்னோர்கள் விட்டுச் சென்ற செல்வம் அது. ஆனால் மழையின் வேகத்தில் ஓர் ஏரி உடைந்தால் அதன் ஜலம் கீழேயுள்ள ஏரியை உடைக்கும். அது அடுத்ததை உடைக்கும். இப்படி 221 ஏரிகள் உடைந்தன. மழை ஜலத்தோடு ஏரிகளின் ஜலமும் சேர்ந்து செப்டம்பர் 28-ம் தேதி நகரத்துக்குள் பாய்ந்தது.

அன்று ஐதராபாத்தில் நடந்ததை விவரிப்பது கடினம். வினாடிக்கு 4,25,000 கன அடி வீதம் ஜலம் வந்ததாகப் பின்னால் கணக்கிடப்பட்டது. பாலங்கள் போயின. ஆற்றங்கரைப் பேட்டைகள் தடம் தெரியாமல் அழிந்தன. மாண்டவர்கள் 15,000 பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. அப்ஸல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு 150 பேர் உயிர் தப்பினார்கள் என்பதை அந்நகரத்தார் இன்றளவும் சொல்லுகிறார்கள். அந்த மரம் உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் நூறு வருஷங்களுக்குப் பிறகும் நின்றது. நிவாரண வேலை முடிந்ததும் இதைத் தெய்வச் செயல் என்று விட்டுவிடாமல், மறுபடி இப்படி நேராதிருக்க என்ன செய்வது என்று கேட்க நிஜாம் சர்க்கார் தீர்மானித்ததுதான் பெரிய விஷயம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே விசுவேசுவரய்யா அழைக்கப்பட்டார்.

1909 ஏப்ரலில் அவர் ஐதராபாத்தில் வேலையை ஏற்றார். அழிந்த நகரத்தைத் திருத்தி அமைக்க யோசனை சொல்லுவது, வருங்கால வெள்ளத்திலிருந்து நகரத்தைக் காக்கத் திட்டம் வகுப்பது, நகரம் முழுமைக்கும் சாக்கடைத் திட்டம் தயாரிப்பது என்று மூன்று பொறுப்புகள் அவருக்கு ஒப்புவிக்கப்பட்டன. வந்தவுடன் சுவர் எழுப்பச் சொல்லியிருக்கலாம். பயந்துபோன ஜனங்கள் அதைத்தான் விரும்பியிருப்பார்கள். அவர் முதலில் அளந்தார். வெள்ளம் எங்கே எவ்வளவு உயரம் ஏறிற்று என்று குறித்தார். மழைக் கணக்குகளைத் தேடி எடுத்தார். அக்கம் பக்கத்து மாகாணங்களில் பெய்த பெருமழைகளின் விவரங்களையும் சேர்த்து, இதைப் போன்ற மழை இன்னொரு முறை வரக்கூடுமா என்று ஆராய்ந்தார். வரக்கூடும் என்று கண்டார். ஆகவே, நேற்று வந்த வெள்ளத்துக்கு மட்டுமின்றி நாளை வரப்போகும் வெள்ளத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஆறே மாதத்தில், 1909 அக்டோபரில், அவருடைய அறிக்கை சர்க்காரிடம் சேர்ந்தது. அதிலுள்ள வரிசைதான் நமக்கு முக்கியம். நகரத்துக்குள் கரையை மட்டும் உயர்த்தினால் இவ்வளவு ஜலத்தைத் தாங்காது. ஆகையால் நகரத்துக்குச் சில மைல் மேலேயே, மூசியில் ஒன்றும் ஈசியில் ஒன்றுமாக, இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தை நிறுத்திவைத்துச் சிறுகச் சிறுக விட வேண்டும் என்றார். இதுவே தலையான வேலை. அடுத்தபடியாக, நகரத்துக்குள் நதியின் கரைகளைச் சீர்ப்படுத்தி உயர்த்த வேண்டும். கரையோரங்களில் மறுபடி குடிசைகள் நெருங்கி எழாதபடி அங்கே தோட்டங்களையும் உலாவும் பாதைகளையும் அமைக்க வேண்டும். இவற்றோடு சாக்கடை ஏற்பாடும் நடக்க வேண்டும். எது முதல், எது பின் என்பதில் குழப்பமே இல்லை. எந்த ஒரு வேலையினால் மிக அதிகமான உயிர்கள் காக்கப்படுமோ அது முதல் என்பதே அந்த வரிசையின் தத்துவம்.

திட்டம் போடுவதைவிடப் பணம் தேடுவது கடினம். வெள்ளம் தினந்தோறும் வருவதில்லை. வராத வெள்ளத்துக்காக லக்ஷக்கணக்கில் செலவிடுவதென்றால் எந்தக் கஜானாதிகாரியும் முகம் சுளிப்பான். ஆனால் அதே நீர்த்தேக்கங்கள் நகரத்துக்குக் குடிநீரும் கொடுத்தன. வெள்ளம் ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வரலாம். தாகம் தினமும் வருகிறது. தினமும் பலன் தரும் காரியத்தோடு என்றோ ஒரு நாள் உயிர் காக்கும் காரியத்தைச் சேர்த்துக் கட்டியபோது செலவுக்கு நியாயம் கிடைத்தது.

அப்படியும் காரியம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1911-ல் மீர் உஸ்மான் அலிகான் பட்டத்துக்கு வந்தார். 1912-ல் நகர அபிவிருத்திக்கென்று ஒரு தனி போர்டு ஏற்படுத்தப்பட்டது. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-ல் முடிந்தது. ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-ல் முடிந்தது. வெள்ளம் வந்து 19 வருஷங்கள்! இடையில் அரசர் மாறினார். உலக யுத்தம் ஒன்று வந்து போயிற்று. ஆனாலும் வருஷா வருஷம் பணம் ஒதுக்கப்பட்டது, வேலை நிற்கவில்லை. வெள்ளத்தைத் தடுக்கும் வேலைக்கு வேண்டியது ஒரு நாள் உற்சாகமல்ல, இருபது வருஷப் பிடிவாதம் என்பதை இது காட்டுகிறது.

ஐதராபாத் அறிக்கையை முடித்துக் கொடுத்த சில வாரங்களுக்குள், 1909 நவம்பரில், விசுவேசுவரய்யா மைசூரின் தலைமை இஞ்சினீயரானார். அங்கே காவிரிக்குக் குறுக்கே பெரிய அணை கட்ட வேண்டுமென்ற அவருடைய யோசனைக்குப் பொக்கிஷ இலாகா ஆக்ஷேபம் சொல்லிற்று. இவ்வளவு பணம் போட்டால் திரும்பி வருமா என்ற பழைய கேள்விதான். கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து தடையின்றி மின்சாரம் விற்கலாம், மாண்டியாப் பக்கத்து வறண்ட நிலம் விளையும், இரண்டு வகையிலும் வருமானம் வரும் என்று அவர் கணக்குக் காட்டினார். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1911-ல் அனுமதி அளித்தார். அடுத்த வருஷம் விசுவேசுவரய்யாவையே திவானாக்கினார்.

இவ்விடத்தில் தமிழர்களாகிய நாம் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். காவிரி மைசூருக்கு மட்டும் சொந்தமல்ல. 1892-ம் வருஷத்து ஒப்பந்தப்படி, கீழேயுள்ள சென்னை மாகாணத்தின் சம்மதமின்றி மேலே புதிய அணை கட்டுவதற்கில்லை. முதற்கட்டமாகக் குறைந்த உயரத்துக்கே சம்மதம் கிடைத்திருக்க, பின்னால் முழு உயரமான 124 அடிக்கும் கட்டத்தக்கபடி அஸ்திவாரத்தை அகலமாகப் போட்டார் விசுவேசுவரய்யா. மைசூருக்கு அது தீர்க்க திருஷ்டி. தஞ்சைக் குடியானவனுக்கு அது அச்சம். 1914-ல் மத்தியஸ்தர் தீர்ப்பு வந்தும் வழக்கு ஓயவில்லை. 1924-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தினால்தான் ஒருவாறு அமைதி உண்டாயிற்று. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணையும் அதை ஒட்டியே எழுந்தது. ஒரு நதியைப் பற்றிய திட்டத்தில் மேலே இருப்பவன் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது, கீழே இருப்பவனையும் ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது காவிரி கற்பித்த பாடம். எவ்வளவு பெரிய இஞ்சினீயரானாலும் இந்தப் பாடத்திலிருந்து அவருக்கு விலக்கு இல்லை. 1974-க்குப் பின் வளர்ந்த வழக்குகள் அனைத்தும் இதற்குச் சாக்ஷி.

1918-ல் அவர் திவான் பதவியை விட்டார். அதோடு ஓய்வு கொண்டாரா என்றால் இல்லை. 1937-ல் ஒரிஸ்ஸாவில் மகாநதி பெருகி டெல்டாவைப் பாழாக்கிற்று. காந்தியடிகளின் யோசனைப்படி அம்மாகாண சர்க்கார் விசுவேசுவரய்யாவை அழைத்தது. 75 வயதைக் கடந்த அக்கிழவர் மறுக்காமல் சென்றார். 1937-லும் 1939-லும் இரண்டு அறிக்கைகள் கொடுத்தார். மூசியில் செய்ததையே அங்கும் செய்தார். நதியின் போக்கும் மழையின் அளவும் சரியாகத் தெரியாமல் பணத்தைக் கொட்டக் கூடாது; முதலில் விவரங்களைத் தொடர்ந்து சேகரிக்க வேண்டும்; பிறகு மேலே நீர்த்தேக்கங்களைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மகாநதிக்கு அணை வேண்டுமென்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றி, சுதந்திரத்துக்குப் பின் ஹீராகுட்டாக உருவெடுத்தது. 1957-ல் நேரு அதைத் திறந்து வைத்தார்.

ஹீராகுட்டினால் வெள்ளம் குறைந்தது; ஆனால் அணைக்காக வீடும் நிலமும் இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உண்டு. திட்டத்தின் செலவைப் போடும்போது சிமெண்டும் கூலியும் மட்டுமல்ல, இந்தக் குடும்பங்களின் கண்ணீரும் செலவுக் கணக்கில் ஏற வேண்டும். கீழே காப்பாற்றப்படுகிறவர்கள் மேலே மூழ்கடிக்கப்படுகிறவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

இனி மூசிக்குத் திரும்புவோம். இரண்டு சாகரங்களும் நகரத்துக்கு அபயம் அளித்தன. அந்த அபயமே பின்னால் ஓர் அபாயத்துக்கும் வழி வைத்தது. வெள்ளம் வராதென்ற நம்பிக்கை பிறந்ததும், நதியின் படுகையிலும் ஏரிகளின் வாயிலும் வீடுகள் எழுந்தன. தோட்டங்களுக்கென்று அவர் ஒதுக்கச் சொன்ன கரைகளை வேறு கைகள் பிடித்துக்கொண்டன. குடிநீருக்கு நீர்த்தேக்கம் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தை ஏற்க அது காலியாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒத்து நடத்த இடைவிடாத விழிப்பு தேவை. சாகரங்களைச் சுற்றி 10 கிலோ மீட்டருக்குள் கட்டடங்களைக் கட்டுப்படுத்தி 1996-ல் சர்க்கார் உத்தரவு ஒன்று பிறந்தது. அந்தக் கட்டுப்பாடுகளை நீக்க 2022-ல் இன்னொரு உத்தரவு பிறந்தது. இடையில், 2020 அக்டோபரில், பெருமழையில் நகரம் மறுபடி மூழ்கிற்று, பலர் மாண்டனர். 1908-ல் ஏரிகள் உடைந்ததால் கேடு வந்தது. 2020-ல் ஏரிகளும் கால்வாய்களும் இருந்த இடத்தில் தெருக்கள் இருந்ததால் கேடு பெருகியது.

இது ஒரு நகரத்தின் கதை மட்டுமன்று. ஆற்றின் இடத்தை ஆற்றுக்கே விட வேண்டும் என்பதற்காக மத்திய சர்க்கார் 1975-லேயே மாநிலங்களுக்கு ஒரு மாதிரி மசோதாவை அனுப்பிற்று. மணிப்பூர் போன்ற ஒரு சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. மற்றவை வாளாவிருந்தன. பணத்தின் கதையும் அப்படியே. 15-வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியை இரண்டாகப் பிரித்தது. 100 ரூபாயில் 80 ரூபாய் நேர்ந்த துன்பத்துக்குப் பரிகாரம் செய்ய. 20 ரூபாய் துன்பம் நேராமல் தடுக்க. தடுப்பதற்கென்று தனியே ஒரு பங்கு ஒதுக்கியது வரவேற்கத்தக்கதே. ஆயினும் 80-க்கும் 20-க்கும் உள்ள தூரம் நமது மனப்போக்கின் அளவுகோல் என்று நாம் கருதுகிறோம்.

பொதுஜன ஊழியர்களுக்கு இந்தச் சரித்திரத்திலிருந்து கிடைக்கும் கேள்விகள் சில உண்டு. நமது ஊர் ஆற்றில் எவ்வளவு ஜலம் வரக்கூடும் என்று யாராவது அளந்து வைத்திருக்கிறார்களா? பழைய ஏரிகளின் கரையும் கலிங்கும் சீராக இருக்கின்றனவா? ஒதுக்கும் பணம் உயிர்கள் அதிகம் அபாயத்தில் இருக்கும் இடத்துக்குப் போகிறதா, அல்லது செல்வாக்கு அதிகம் இருக்கும் இடத்துக்குப் போகிறதா? தாழ்ந்த நிலத்தில் குடியிருக்கும் ஏழைக்கு வேறு இடம் கொடுத்து அழைத்துப் போகிறோமா, அல்லது துரத்தி விடுகிறோமா? ஆரம்பித்த வேலை அடுத்த மந்திரி சபையிலும் நடக்குமா? தேர்தல் மேடையில் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு நாட்டில் ஆள் வேண்டும். நிவாரணப் பொட்டலம் கொண்டு போகும் அதே தொண்டர்கள்தான் அவற்றையும் கேட்க வேண்டும். மழையில்லாத மாதங்களே கேட்பதற்கு ஏற்ற காலம்.

விசுவேசுவரய்யா மிக நீண்ட காலம் வாழ்ந்தார். உடையில் சுத்தமும், நேரத்தில் கண்டிப்பும், பொதுப் பணத்தில் பயபக்தியும் அவருடைய இயல்புகள். 1960-ல் தேசம் அவருடைய நூற்றாண்டைக் கொண்டாடியபோது அதைப் பார்க்க அவரே இருந்தார். 1962 ஏப்ரலில் காலமானார். அவர் பிறந்த செப்டம்பர் 15-ம் தேதியை இஞ்சினீயர்கள் தினமாக வருஷந்தோறும் கொண்டாடுகிறோம். அவருடைய சிலைகளுக்கு மாலை போடுகிறோம். அதே செப்டம்பர் மாதத்தின் 28-ம் தேதியைத்தான் மறந்துவிடுகிறோம். அவருக்குச் செய்யத்தக்க மரியாதை ஒன்று உண்டு. அடுத்த மழைக்கு முன் நமது பக்கத்து ஏரிக் கரையில் ஏறி நடந்து, அதன் கலிங்கு எப்படி இருக்கிறதென்று பார்த்து, அதற்கு இந்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நாம் ஒவ்வொருவரும் விசாரிப்பதே அது.